கடல் மீன் தொட்டி: முதலில் தண்ணீரை வளர்ப்போம்

ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டையுடன் நீந்தும் கோமாளி மீனைக் கடையில் பார்த்ததும் பலருக்கும் ஆசை வந்துவிடுகிறது. காலையில் தொட்டி, உப்பு, மீன் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி, மாலையிலேயே மீனை விட்டுவிடுகிறார்கள். சில நாட்களில் மீன் செத்து மிதக்கிறது. நோய் என்று நினைத்து மருந்து ஊற்றுகிறார்கள். அடுத்து வாங்கிய மீனும் சாகிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் நோயல்ல, அவசரம்தான்.

தொட்டியும் உப்பும்

சிறிய தொட்டி என்றால் பராமரிப்பு எளிது என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பின் அளவும் வெப்பமும் சட்டென்று மாறும். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி தொடங்குவதற்கு ஏற்றது. இதில் சுமார் 150 லிட்டர் நீர் நிரப்பலாம். கண்ணாடி, மணலோடு எடை 200 கிலோவை நெருங்கும் என்பதால் உறுதியான இரும்பு ஸ்டாண்டு தேவை. வெயில் படும் ஜன்னலோரத்தைத் தவிர்க்கவும்.

சமையல் உப்பு இதற்கு உதவாது. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் போன்றவையும் உள்ளன. கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் உப்பை லிட்டருக்கு சுமார் 35 கிராம் வீதம் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கவும். 150 லிட்டருக்கு ஐந்தேகால் கிலோ ஆகும். ஒரு நாள் காற்று செலுத்திய பிறகு ஹைட்ரோமீட்டரில் 1.023 முதல் 1.025 வரை காட்ட வேண்டும்.

ஒரு மாதம் பொறுங்கள்

வயலில் யூரியா இட்டால், மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதைப் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன அல்லவா? தொட்டியிலும் அதே வேலைதான் நடக்க வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவில் இருக்காது.

ஃபில்டரில் பீங்கான் வளையங்களைப் போட்டு ஓடவிடுங்கள். மீன் இல்லாத தொட்டியில் உரித்த இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுங்கள். வாரம் இருமுறை சோதனைக் கிட் கொண்டு பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறும், பிறகு நைட்ரைட் ஏறும். நான்கு முதல் ஆறு வாரங்களில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தால் தொட்டி தயார்.

எந்த மீன், எங்கிருந்து?

பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களையே கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையமும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் இம்மீன்களை இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. இவை தொட்டிச் சூழலுக்கும் தீவனத்துக்கும் பழகியவை. கடல் சாமந்தி இல்லாமலும் நன்றாக வாழும்.

அழகுக்காகக் கடலிலிருந்து பவளப்பாறைத் துண்டுகளை எடுத்து வராதீர்கள். பவளம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எடுப்பதும் விற்பதும் குற்றம். செயற்கைப் பாறையே போதும்.

அன்றாடப் பராமரிப்பு

தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. எனவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, புதிதாகக் கலந்த உப்புநீரை விடுங்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரிக்குள் இருப்பது நல்லது. கோடையில் நீர்ப்பரப்பின் மீது சிறிய மின்விசிறி வைத்தால் சூடு தணியும். மின்வெட்டுக்கு பேட்டரியில் இயங்கும் காற்று பம்பு கைவசம் இருக்கட்டும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீவனம் போடுங்கள். மிச்சம் அழுகினால் மறுபடியும் அம்மோனியாதான்.

சிறிய மீன்களாக இரண்டு வாங்குங்கள். கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே வளர்கின்றன. இரண்டில் வலியது பின்னர் பெண்ணாக மாறி, இரண்டும் ஜோடியாகும். நன்கு பராமரித்தால் ஒருநாள் பாறையோரம் ஆரஞ்சு நிற முட்டைகளை ஒட்டிவைக்கும். ஆண் மீன் துடுப்பால் விசிறியபடி காவல் நிற்கும். குஞ்சு வளர்ப்பு தனிக் கலை. ஆனாலும் அந்த முட்டைகளைக் கண்டால், உங்கள் தண்ணீர் சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.