சிறுநீரகம் பழுதானால் கல்லீரல் கணக்கு ஏன் தப்புகிறது?

ஆபீஸ் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் 'கிரியாட்டினின் அதிகம்' என்று வந்துவிட்டால், வீட்டில் முதல் உத்தரவு: "இனிமே முட்டை, சிக்கன், பருப்பு எதையும் தொடாதே!" இன்னொரு பக்கம் ஜிம் நண்பர், "உடம்பு இளைச்சுப் போச்சு, புரோட்டீன் பவுடர் குடி" என்பார். நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதியானவர்களுக்கு இந்த இரண்டு யோசனையுமே ஆபத்துதான். ஏன்?

கல்லீரல் என்ன செய்கிறது?

சாப்பிடும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி ஆல்புமின் போன்ற புரதங்களாக மாறுகிறது. உபரியை உடைக்கும்போது அம்மோனியா உருவாகும். அது மூளைக்கு விஷம் என்பதால், கல்லீரல் அதை யூரியாவாக மாற்றிவிடும். 1932-ல் ஜெர்மனியில் ஹான்ஸ் கிரெப்ஸும் கர்ட் ஹென்ஸ்லைட்டும் விளக்கிய சுழற்சி இது. அந்த யூரியாவைச் சிறுநீரில் தள்ளுவது சிறுநீரகத்தின் வேலை.

சிறுநீரகம் வெறும் ஃபில்டரா?

இல்லை, அதுவும் ஒரு சின்ன ஃபேக்டரிதான். குடல் அனுப்பும் சிட்ருலினை ஆர்ஜினினாக மாற்றுகிறது. கிளைசினிலிருந்து செரின் செய்கிறது. ஃபினைல் அலனினை டைரோசினாக மாற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. தசைக்குத் தேவையான கிரியாட்டின் தயாரிப்பில் முதல் கட்டம் பெரும்பாலும் சிறுநீரகத்தில், அடுத்த கட்டம் கல்லீரலில் நடக்கிறது.

நோய் முற்றும்போது இந்தக் கூட்டணி உடைகிறது. ரத்தத்தில் டைரோசினும் செரினும் குறைகின்றன. சிட்ருலினும் ஹோமோசிஸ்டீனும் தேங்குகின்றன.

கல்லீரலே விஷம் தயாரிக்குமா?

கிட்டத்தட்ட அப்படித்தான். டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக மாற்றுகின்றன. கல்லீரல் அதை 'இண்டாக்சில் சல்ஃபேட்' ஆக்குகிறது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் இது சிறுநீரில் போய்விடும்; பிரச்னையே இல்லை. பழுதானால் ரத்தத்திலேயே தங்கிவிடும். ரத்தக்குழாய்களையும், மிச்சமிருக்கும் சிறுநீரகத் திசுவையும் இது பாதிப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆல்புமினோடு ஒட்டிக்கொள்வதால், டயாலிசிஸிலும் இது லேசில் வெளியேறாது.

உடம்பு ஏன் இளைக்கிறது?

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய அமிலம் உடலில் சேர்ந்தால், தசைப் புரதம் வேகமாக உடையும். தசையைக் காக்கும் லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் எரிந்து தீர்கின்றன. கல்லீரலின் ஆல்புமின் உற்பத்தியும் சரிகிறது. சிலருக்கு மருத்துவர்கள் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவது இந்த அமிலத்தைக் கட்டுப்படுத்தத்தான். இந்த நிலையில் புரதத்தை அடியோடு நிறுத்தினால், உடம்பு தன் தசையையே தின்ன ஆரம்பிக்கும். அள்ளிச் சாப்பிட்டாலோ யூரியாவும் நச்சும் ஏறும்.

அப்போ எவ்வளவு சாப்பிடலாம்?

'கேடிகோ' என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் 2024 வழிகாட்டுதல்படி, நோயின் 3 முதல் 5-ம் நிலை வரை உள்ள, டயாலிசிஸ் செய்யாத பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குத் தினமும் 0.8 கிராம் புரதம். 60 கிலோ எடை என்றால் 48 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. நோய் தீவிரமாகும் வாய்ப்புள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டக் கூடாது என்றும் அது எச்சரிக்கிறது.

டயாலிசிஸ் தொடங்கினால் கணக்கு தலைகீழ். சுத்திகரிப்பின்போது அமினோ அமிலங்களும் வெளியேறுவதால், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும். பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் பலவீனம்தான் மிஞ்சும்.

ஒரு விஷயம்: ஒரே ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அதிக தசை, கிரியாட்டின் சப்ளிமென்ட் போன்ற காரணங்களாலும் கிரியாட்டினின் கூடலாம். பாதிப்பு 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் அது 'நாள்பட்ட' நோய். சிறுநீரில் ஆல்புமின் டெஸ்ட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, தட்டில் எது இருக்கலாம், எவ்வளவு இருக்கலாம் என்பதை மருத்துவரும் டயட்டீஷியனும் முடிவு செய்யட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பத்தியம் அவருக்கே சரியா என்பது சந்தேகம்தான்!