உஷார்! வெங்காயப் பாத்தியில் ஊற்றும் மருந்து

தொண்டாமுத்தூர் பக்கம் சின்ன வெங்காயம் போட்டிருப்பவர்களே, அழுகல் தெரிந்ததும் டேங்கைத் தூக்காதீர்கள். இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

65, 70 நாள் பயிர். மழை பிடித்துக்கொண்டால் திருகலும் அழுகலும் பாத்தியையே சாய்த்துவிடும். பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தில்தான் கார்பென்டசிமைக் கரைத்து வேரில் ஊற்றுகிறோம், கூடவே குளோர்பைரிபாஸ் பூச்சிக்கொல்லியையும் சேர்க்கிறோம். ஆபத்து அங்கேதான்.

ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று, அதிகம் கிளைக்காமல் வழவழவென்றிருக்கும். வேர்த்தூவி மிகக் குறைவு. மண்ணில் கிடக்கும் மணிச்சத்தை அந்த வேரால் எட்டிப் பிடிக்க முடியாது. வேரோடு ஒட்டி வாழும் மைக்கோரைசா என்ற பூசணம்தான் மெல்லிய இழைகளை நீட்டி எடுத்துக் கொடுக்கிறது. கார்பென்டசிமோ பூசணக்கொல்லி, நல்ல பூசணத்தையும் அது விடாது. பிறகு பயிர் வாடுகிறதென்று டிஏபி மூட்டையைப் பிரிக்கிறோம்!

மருந்து மண்ணின் நொதிகளையும் பாதிக்கும். தொழு உரத்தில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை விடுவிப்பது பாஸ்படேஸ் நொதி. டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வேலை செய்யும். அது குறைந்தால் மண்ணுக்குள் உயிரோட்டம் குறைந்துவிட்டது என்று பொருள். சிபாரிசு அளவில் ஒருமுறை ஊற்றினால் மண் பெரும்பாலும் தேறிவிடும். மூடிக்கு மேல் மூடி கூட்டி, வாராவாரம் ஊற்றினால் தேற அவகாசமே இல்லை. குளோர்பைரிபாஸ் சிதையும்போது உண்டாகும் டிசிபி என்ற பொருளும் நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. மருந்தைச் சிதைக்க வேண்டிய நுண்ணுயிரே அதில் முடங்குகிறது. திராட்சைக்கு போர்டோ கலவை அடிப்பவர்களும் கவனியுங்கள்: அதிலுள்ள தாமிரம் மக்காது, வருஷா வருஷம் மண்ணில் சேரும்.

இன்னொரு கொடுமை: டிரைக்கோடெர்மா விரிடியையும் கார்பென்டசிமையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பாத்தியில் போடுவது. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான். காசு கொடுத்து வாங்கிய உயிரை நாமே கொல்கிறோம். இரண்டுக்கும் நடுவே குறைந்தது 15 நாள் விடுங்கள். அதைவிட நல்லது, நடவுக்கு முன்பே ஏக்கருக்கு 1 கிலோ டிரைக்கோடெர்மாவை மக்கிய தொழு உரத்தில் கலந்து போடுவது.

அழுகல் வந்துவிட்டதா? வேளாண் பல்கலைக்கழகம் கோவையிலேயே இருக்கிறது. அழுகிய செடியை வேர்மண்ணோடு பையில் போட்டு, அங்கே பயிர் நோயியல் துறையில் காட்டிவிட்டு உரக்கடைக்குப் போங்கள்.