கேட்காமல் எடுத்த முகம்

2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 29, சனிக்கிழமை. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாதமாலா நாட்டின் மலைக் கிராமமான தோதோஸ் சாந்தோஸில் அன்று வாரச்சந்தை. அந்த ஊர் ஆண்கள் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட காற்சட்டை அணிவார்கள். பெண்கள் தங்கள் கையாலேயே நெய்த, பூவேலை நிறைந்த மேலாடை உடுத்துவார்கள். சந்தை நாளில் ஊரே வண்ணமயமாக இருக்கும். அதைப் பார்க்க ஜப்பானியச் சுற்றுலாப் பயணிகளின் பேருந்து ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்கள் கேமராவை எடுத்தார்கள். சந்தையில் இருந்த பெண்களும் குழந்தைகளும் படங்களில் பதிவானார்கள்.

எங்கிருந்தோ ஒரு கூச்சல் எழுந்தது. வந்தவர்கள் குழந்தை திருடுகிறார்கள் என்று யாரோ கத்த, நூற்றுக்கணக்கானோர் திரண்டுவிட்டார்கள். ஒரு ஜப்பானியப் பயணியும், குவாதமாலாவைச் சேர்ந்த பேருந்து ஓட்டுநரும் அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார்கள். எந்தக் குழந்தையும் திருடப்பட்டிருக்கவில்லை.

அதே நாட்டில் ஆறு ஆண்டுகளுக்கு முன்பும் இப்படி நடந்திருந்தது. 1994 மார்ச்சில், சான் கிறிஸ்டோபல் வெராபாஸ் என்ற ஊரில், குழந்தைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணைக் கூட்டம் அடித்து நினைவிழக்கச் செய்தது. வெளிநாட்டினர் குழந்தைகளைக் கடத்தி உடலுறுப்புகளை விற்கிறார்கள் என்ற வதந்தி அப்போது நாடெங்கும் பரவியிருந்தது. குவாதமாலா போகிறவர்கள் அங்குள்ள குழந்தைகளைப் படமெடுக்கக் கூடாது, அவர்களோடு நெருங்கிப் பழகவும் கூடாது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை பல ஆண்டுகளாகத் தன் குடிமக்களை எச்சரித்து வந்திருக்கிறது.

காட்டுமிராண்டித்தனம் என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது எளிது. ஆனால் அந்த மக்களின் அச்சத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் குவாதமாலாவில் உள்நாட்டுப் போர் நடந்தது. சுமார் 2 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அவர்களில் பெரும்பாலானோர் மாயா பழங்குடியினர். போர் ஓய்ந்த பிறகு வெளிநாட்டினருக்குக் குழந்தைகளைத் தத்துக் கொடுப்பது பெரும் வணிகமாயிற்று. 2007-ஆம் ஆண்டில் மட்டும் 4,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் குவாதமாலாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனார்கள். தாயிடமிருந்து திருடப்பட்ட குழந்தைகளும் போலி ஆவணங்களோடு இந்த வழியில் அனுப்பப்பட்டது பின்னர் வெளியானது. உடலுறுப்புக் கதை பொய். ஆனால் குழந்தை பறிபோகும் என்ற பயம் வெறும் கற்பனையல்ல. இதோடு கண்ணேறு பற்றிய நம்பிக்கையும் அங்கே உண்டு. குழந்தையின் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கும் தமிழ்த் தாய்க்கு, முன்பின் தெரியாத ஒருவர் தன் பிள்ளையையே உற்றுப் பார்க்கும்போது வரும் பதைப்பைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததும் நினைவிருக்கும். மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட ஒரு சென்னைக் குடும்பம் வழியில் சிறுவர்களுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்துபவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவியிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களைத் தாக்கியதில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். பயந்துபோன ஓர் ஊருக்கு, உள்ளே வருகிறவர் எந்த நாட்டுக்காரர் என்பது ஒரு பொருட்டே அல்ல.

உயிருக்கே ஆபத்தாகும் இத்தகைய நிகழ்வுகள் அரிது. வழக்கு, அபராதம், சிறை ஆகியவை அவ்வளவு அரிதல்ல. ‘பொது இடத்தில்தானே எடுத்தேன், இதில் என்ன தவறு?’ என்று பயணிகள் கேட்பதுண்டு. அதற்கான பதில் நாட்டுக்கு நாடு மாறும்.

ஜெர்மனியில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுகளுக்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1898 ஜூலை 30 அன்று, ஜெர்மனியை ஒன்றிணைத்த பிஸ்மார்க் தன் வீட்டில் காலமானார். அந்த இரவில் இரண்டு புகைப்படக்காரர்கள் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து, படுக்கையில் கிடந்த உடலைப் படமெடுத்துவிட்டார்கள். அந்தப் படத்தை விற்கவும் முயன்றார்கள். அவர்கள் அத்துமீறி நுழைந்ததைத் தண்டிக்க வழியிருந்தது. ஒருவரின் உருவத்தின் மீது அவருக்குள்ள உரிமையைக் காக்கத் தெளிவான சட்டம் இல்லை. அந்த விவாதம் 1907-இல் ஒரு சட்டமாக முடிந்தது. ஒருவரின் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்பவோ பொதுவில் காட்டவோ கூடாது என்ற அதன் விதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. நிலக்காட்சியின் ஓரத்தில் தற்செயலாக வந்துவிடுகிறவர்கள், ஊர்வலம், பொதுக்கூட்டம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பெர்லின் நடைபாதையில் காபி குடிக்கும் ஒருவரின் முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டால் அந்த விலக்கு கைகொடுக்காது.

ஹங்கேரி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2014-இல் நடைமுறைக்கு வந்த அதன் உரிமையியல் சட்டத்தின்படி, படத்தைப் பயன்படுத்துவதற்கு மட்டுமல்ல, எடுப்பதற்கே சம்மதம் வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், மாண்ட்ரியால் நகரத்துக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டில் 17 வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதைப் படமெடுத்த கலைஞர் ஒரு கலை இதழுக்குக் கொடுத்தார். படத்தில் அவளை இழிவுபடுத்தும் எதுவும் இல்லை. ஆனாலும் பள்ளியில் சக மாணவர்கள் அவளைக் கேலி செய்தார்கள். அவள் வழக்குப் போட்டாள். 1998-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்பளித்து, 2,000 டாலர் இழப்பீட்டை உறுதிசெய்தது.

இதற்கு நேர்மாறானது நியூயார்க். டைம்ஸ் சதுக்கத்தில் நடந்து போகிறவர்களை, அவர்களுக்குத் தெரியாமலேயே விளக்கொளி அமைத்துப் படமெடுத்தார் புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா. அப்படி எடுக்கப்பட்ட முதியவர் ஒருவர் ஆசாரமான யூதர். தன் உருவத்தைப் படமாக்கிக் காட்சிக்கு வைத்தது தன் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்று அவர் வழக்குத் தொடுத்தார். அது கலைப்படைப்பு, கருத்துச் சுதந்திரத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு என்று 2006-இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மாண்ட்ரியாலிலிருந்து நியூயார்க்குக்குக் காரில் ஒரே நாளில் போய்விடலாம். அந்த எல்லையைத் தாண்டியதும், தெருவில் நிற்பவரின் முகத்துக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு பெருமளவு போய்விடுகிறது.

தமிழர்கள் அதிகம் போகும் வளைகுடா நாடுகளில் சட்டம் மிகக் கடுமையானது. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் இணையக் குற்றச் சட்டம், ஒருவரின் அந்தரங்கத்தை மீறி, அவர் சம்மதமின்றிப் படமெடுப்பதையும் அதைப் பகிர்வதையும் குற்றமாக்குகிறது. குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 1,50,000 திர்ஹாம் என்பது நம் கணக்கில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். கடன் வாங்கி விசா எடுத்துப் போன ஒரு தொழிலாளியின் பல ஆண்டுச் சம்பாத்தியம் அது. விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் அங்கே இதே சட்டப் பிரிவின்கீழ் குற்றம். சவூதி அரேபியாவில் கேமரா உள்ள செல்போனை அந்தரங்க மீறலுக்குப் பயன்படுத்தினால் ஓராண்டு வரை சிறையும், 5,00,000 ரியால் வரை அபராதமும் விதிக்க 2007-இலிருந்தே சட்டம் இருக்கிறது. கடற்கரையிலோ ஷாப்பிங் மாலிலோ செல்ஃபி எடுப்பவர், பின்னணியில் ஒரு குடும்பம் நிற்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

எகிப்து 2022-இல் விதிகளைத் தளர்த்தியது. பொது இடங்களில் சொந்த உபயோகத்துக்குப் படமெடுக்க அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று அறிவித்தது. ஆனால் அதே அறிவிப்பில் தடைகளும் இருந்தன. குழந்தைகளைப் படமெடுக்கக் கூடாது. எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் அந்நாட்டு மக்களைப் படமெடுக்கக் கூடாது. பிரமிடைப் பார்த்த உற்சாகத்தில், ஒட்டகக்காரரும் தெருவில் விளையாடும் சிறுவர்களும் அந்த விதிக்குள் வருகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சில இடங்களில் தடை விதிப்பது அரசாங்கம் அல்ல, ஊர். ஜப்பானின் கியோட்டோ நகரில் கியோன் என்ற பழைய பகுதி இருக்கிறது. கெய்கோ எனப்படும் ஆடல் பாடல் கலைஞர்களும், மைக்கோ எனப்படும் அவர்களுடைய இளம் மாணவிகளும் தேநீர் இல்லங்களுக்கு நடந்து போகும் சந்துகள் அங்கே உண்டு. வேலைக்குப் போகும் பெண்களைப் பயணிகள் துரத்தினார்கள், வழிமறித்தார்கள், கிமோனோவின் கையைப் பிடித்து இழுத்தார்கள். பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள், 2019-இல் தனியார் சந்துகளில் படமெடுக்கத் தடை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அதுவும் போதாமல் 2024-இல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் நுழைவதற்கே தடை வந்தது. அடக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போனவர்களும் சேர்ந்தே இப்போது வெளியே நிற்கிறார்கள்.

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் சான் ஹுவான் சமூலா என்ற ஊரின் தேவாலயத்துக்குள் படமெடுப்பது முற்றிலும் தடை. தரையில் பைன் இலைகளைப் பரப்பி, மெழுகுவத்தி ஏற்றி, மாயா மக்கள் தங்கள் முறையில் வழிபடும் இடம் அது. மீறுகிறவர்களை ஊர் நிர்வாகமே தண்டிக்கும். அமெரிக்காவின் ஹோபி பழங்குடியினர் தங்கள் கிராமங்களில் கேமராவையே அனுமதிப்பதில்லை. எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் கீழுதட்டில் மண் தட்டு அணியும் முர்சி பெண்கள் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். வண்டி வண்டியாக வந்து எடுத்துக்கொண்டு போகிறவர்களிடம், ஒரு படத்துக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்குகிறார்கள்.

இவ்வளவு தடைகளுக்கு நடுவே மனிதர்களைப் படமெடுக்கவே கூடாதா? எடுக்கலாம். அதற்குச் சில வழிகள் உண்டு. ‘படம் எடுக்கலாமா?’ என்ற ஒரு வாக்கியத்தை அந்த நாட்டு மொழியில் கற்றுக்கொண்டு போகலாம். மொழி வராவிட்டால் கேமராவைக் காட்டி, கண்ணால் கேட்கலாம். தலையசைத்தால் எடுக்கலாம். முகம் திரும்பினால், கை உயர்ந்தால், சிரித்து வணங்கி விலகிவிட வேண்டும். எடுத்த படத்தை அவரிடமே காட்டலாம். அழிக்கச் சொன்னால் வாதாடாமல் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவது பாதுகாப்பு. குழந்தை என்றால் பெற்றோரிடம் கேட்பது கட்டாயம். போலீஸ்காரர்கள், சிப்பாய்கள், சோதனைச் சாவடிகள் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. எடுக்கச் சம்மதித்தவர், உலகம் முழுக்கக் காட்டச் சம்மதித்ததாக ஆகாது. இணையத்தில் போடுவதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

அந்த இரண்டு சம்மதங்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பச்சைக் கண்கள் கொண்ட ஆப்கன் சிறுமியின் படம் காட்டுகிறது. பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமின் பள்ளிக் கூடாரத்தில், 1984-இல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி அதை எடுத்தார். ஆசிரியரிடம் கேட்டுத்தான் எடுத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். சிறுமியின் பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை. 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்தபின், உலகம் அறிந்த முகங்களில் ஒன்றாக அது ஆகிவிட்டது. 2016-இல், போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் அந்தப் படத்திலிருந்த ஷர்பத் குலா கைதானபோது, ஆயிரக்கணக்கான ஆப்கன் அகதிகளுக்கு நேர்ந்த அதே நிலை அவர் ஒருவருக்கு மட்டும் உலகச் செய்தியானது. 2021-இல் தாலிபான்கள் ஆட்சியைப் பிடித்த பிறகு இத்தாலி அவருக்கு அடைக்கலம் கொடுத்தது.

அவருடைய பெயரே 2002-இல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. தேடிப் போன குழு ஆப்கானிஸ்தானில் அவரைக் கண்டுபிடித்தது. அட்டைப்படத்திலிருந்த கண்ணின் கருவிழியோடு ஒப்பிட்டு, அவர்தான் என்று உறுதிசெய்தார்கள். அப்போது அவர் மூன்று மகள்களின் தாய். உலகமே 17 ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்த தன் முகத்தை அவர் முதல்முறையாகப் பார்த்தது அப்போதுதான். இரண்டாவது படத்தை எடுக்கும் முன் குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டார்கள்.