‘கப் அடிக்க 30% வாய்ப்பு’: ப்ரெடிக்‌ஷன் மார்க்கெட் சொல்ற நம்பரை எப்படிப் படிக்கணும்?

நவம்பர் மழை ஆரம்பித்தால் சிட்லபாக்கம் வாட்ஸ்அப் குரூப்களில் ஓடுவது ஒரே கேள்விதான்: “செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நாளைக்கு ஸ்கூல் லீவா?” ஒருவர் ‘கண்டிப்பா லீவு’ என்பார். இன்னொருவர் ‘சான்ஸே இல்ல’ என்பார். இந்த வாக்குவாதத்துக்கு ஒரு விலையை ஒட்டி, ஆளுக்கு ஆள் வாங்கி விற்க விட்டால், அதுதான் ப்ரெடிக்‌ஷன் மார்க்கெட். தமிழில் கணிப்புச் சந்தை.

அமெரிக்காவில் கால்ஷி, பாலிமார்க்கெட் போன்ற தளங்களில் அதிபர் தேர்தல் முதல் பேஸ்பால் சாம்பியன்ஷிப்பான வேர்ல்டு சீரிஸ் வரை எல்லாவற்றுக்கும் இப்படி விலை ஓடுகிறது. இந்தியாவில் ‘ஒப்பீனியன் டிரேடிங்’ என்ற பெயரில் ப்ரோபோ போன்ற ஆப்கள் ஐபிஎல் மேட்ச்சுகளை வைத்து இதையே செய்தன. 2025 ஆகஸ்ட்டில் அதற்கு முற்றுப்புள்ளி விழுந்தது. ஆனாலும் ‘இந்த டீமுக்கு இத்தனை சதவீத வாய்ப்பு’ என்ற ஸ்கிரீன்ஷாட்கள் நம் ஃபீடுக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த நம்பருக்கு உண்மையில் என்ன அர்த்தம்?

இது எப்படி வேலை செய்யுது?

லீவு உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ‘ஆம்’ டிக்கெட் ரூ.6. ‘இல்லை’ டிக்கெட் ரூ.4. இரண்டையும் கூட்டினால் ரூ.10. லீவு விட்டால் ‘ஆம்’ வாங்கியவருக்கு முழு ரூ.10 போகும், ‘இல்லை’ வாங்கியவருக்குப் பூஜ்யம். லீவு இல்லையென்றால் அப்படியே தலைகீழ்.

விலையைத் தீர்மானிப்பது வாங்குபவர்களும் விற்பவர்களும்தான். சாயங்காலம் வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தால் எல்லோரும் ‘ஆம்’ பக்கம் ஓடுவார்கள், ரூ.6 கிடுகிடுவென ரூ.9 ஆகும். அதனால்தான் ரூ.6 என்ற விலையை ‘60% வாய்ப்பு’ என்று படிக்கிறார்கள். கால்ஷியில் ரூ.10-க்குப் பதில் 1 டாலர். அங்கே 60 சென்ட் என்றால் 60%.

பணம் போட்டவர்களின் கணிப்பு சும்மா கருத்து சொல்பவர்களின் கணிப்பைவிட உருப்படியாக இருக்கும் என்பதுதான் இதன் அடிப்படை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1988-லேயே அதிபர் தேர்தலுக்கு இப்படி ஒரு சந்தையை ஆராய்ச்சிக்காக நடத்தியது.

ஃபேவரைட்னா ஜெயிச்சிடுமா?

பெரும்பாலானவர்கள் வழுக்குவது இங்கேதான். ஐபிஎல்லில் 10 அணிகள். எல்லாமே சம பலம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 10% வாய்ப்பு. சீசன் தொடக்கத்தில் ஒரு அணிக்கு 30% இருந்தால் அது மற்றவர்களைவிட ரொம்ப முன்னாடி இருக்கும் ஃபேவரைட். ஆனால் அதே நம்பரைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்: அந்த அணி கப் அடிக்காமல் போக 70% வாய்ப்பு!

2023 ஐபிஎல் இறுதிப்போட்டி ஞாபகம் இருக்கா? கடைசி 2 பந்தில் சிஎஸ்கேவுக்கு 10 ரன் தேவை. அந்த நொடியில் குஜராத் பக்கம்தான் வாய்ப்பு அதிகம். ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்து முடித்துவிட்டார். 2025 வேர்ல்டு சீரிஸிலும் இதே கதை. ஏழாவது ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸில், 1993-க்குப் பிறகு முதல் கோப்பையை எடுக்க டொரன்டோ புளூ ஜேஸுக்கு இன்னும் 2 அவுட் போதும். அப்போது மிகேல் ரோஹாஸ் அடித்த ஹோம் ரன் ஸ்கோரைச் சமமாக்கியது. 11-வது இன்னிங்ஸில் 5-4 என ஜெயித்தது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்.

அப்படியானால் விலை தப்பா? இல்லை. ‘90%’ என்றால் பத்தில் ஒரு முறை நடக்காது என்று அந்த நம்பரே சொல்கிறது. 90% என்று சொன்ன 100 சம்பவங்களில் சுமார் 90 நடந்ததா என்று பார்த்தால்தான் சந்தையின் தரம் தெரியும். ஒரே ஒரு மேட்ச்சை வைத்து அதைச் சொல்ல முடியாது.

இன்னொன்று, ரசிகர்கள் மனசால் வாங்குவார்கள். சென்னையில் எத்தனை பேர் ‘சிஎஸ்கே தோற்கும்’ டிக்கெட்டை வாங்குவார்கள்? இப்படிப் பாசத்தில் ஏறிய விலையும் ஸ்கிரீன்ஷாட்டில் ‘வாய்ப்பு’ என்றுதான் தெரியும்.

சரி, காசு எங்கே போகுது?

ஷேர் வாங்கினால் பின்னால் ஒரு கம்பெனி இருக்கிறது. அது லாபம் பார்த்தால் எல்லா முதலீட்டாளர்களும் ஜெயிக்கலாம். இங்கே அப்படி எதுவும் வளர்வதில்லை. உங்கள் லாபம் என்பது எதிரில் இருப்பவரின் நஷ்டம். நடுவில் ஆப் தன் கமிஷனை எடுத்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போடுவோம். 50-50 வாய்ப்புள்ள கேள்விக்கு ரூ.5 வீதம் 100 டிக்கெட் வாங்குகிறீர்கள். செலவு ரூ.500. சரியாகப் பாதி ஜெயிக்கிறீர்கள். ஒவ்வொரு வெற்றியிலும் 50 பைசா கமிஷன் என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 50 × 9.50 = ரூ.475. பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லியும் ரூ.25 காலி. ‘வெறும் அஞ்சு ரூபாதானே’ என்று ஒவ்வொரு ஓவருக்கும் போட்டால் மாசக் கடைசியில் தெரியும்.

எதிரில் இருப்பவர் யார் என்பதும் தெரியாது. உங்கள் போனில் லைவ் சில நொடி தாமதமாக ஓடும். மைதானத்தில் உட்கார்ந்து ஆடுபவருக்கு விக்கெட் விழுந்தது முன்பே தெரிந்துவிடும்.

சட்டம் என்ன சொல்லுது?

2025 ஏப்ரல் 29 அன்று செபி ஒரு எச்சரிக்கை விட்டது. ஒப்பீனியன் டிரேடிங் தன் கட்டுப்பாட்டுக்குள் வராது, அதில் முதலீட்டாளர் பாதுகாப்பு எதுவும் கிடைக்காது என்பதே அதன் சாரம். ‘டிரேடிங்’, ‘பிராஃபிட்’, ‘ஸ்டாப் லாஸ்’ போன்ற பங்குச்சந்தை வார்த்தைகள் இருப்பதாலேயே அது முதலீடு ஆகிவிடாது.

அடுத்து, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்திய சட்டத்துக்கு 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். திறமையா, அதிர்ஷ்டமா என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, ரூ.50 லட்சம் வரை அபராதம். இதையடுத்து ப்ரோபோ பண ஆட்டத்தை நிறுத்தியது.

இந்த மத்திய சட்டம் ஆடுபவரைத் தண்டிப்பதில்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் தண்டிக்கும்: 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம். ரம்மி, போக்கர் இரண்டையும் 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையிலிருந்து விடுவித்தது. அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்கான தடை தொடர்கிறது.

அமெரிக்காவிலும் இது முடிந்த கதை இல்லை. கால்ஷிக்கு மத்திய அமைப்பான சிஎஃப்டிசி-யின் அனுமதி இருக்கிறது. ஆனால் விளையாட்டை வைத்து நடப்பது சூதாட்டமே என்று பல மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயிருக்கின்றன.

அப்போ நாம என்ன செய்யணும்?

நம்பரை நம்பராகப் பாருங்கள். 30% என்று வந்தால் உடனே 70% எங்கே என்று கேளுங்கள். மேட்ச் பேச்சுக்கு அது சுவாரஸ்யமான தகவல், அவ்வளவுதான்.

‘டெலிகிராம் லிங்க்கில் வா, விபிஎன் போட்டு ஆடலாம்’ என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். அங்கே ஜெயித்த பணத்தை அவர்கள் தராவிட்டால் செபியிடமும் போக முடியாது, கோர்ட்டுக்கும் போக முடியாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள். விட்டதைப் பிடிக்கணும் என்று மறுபடி மறுபடி பணம் போடத் தோன்றினால், 14416 டெலி மானஸ் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். இலவசம்தான்.