மின்காரின் பூட்டொலி: உரிமையாளரின் விருப்பமும் ஒழுங்கையின் காதும்

வாகனத்தின் கதவுகள் சரியாகப் பொருந்திப் பூட்டிக்கொண்டன என்பதை உரிமையாளருக்கு உறுதிசெய்யும் சிறிய ஒலியே பூட்டொலி எனப்படுகிறது. பெற்றோல் கார்களில் இது ஹோர்னின் குறுகிய முழக்கமாகவோ மெல்லிய ‘பீப்’ ஓசையாகவோ இருந்தது. அதை மாற்ற விரும்பியவர் காரைக் கராஜில் விட்டு, வயர் இழுத்து, வேறொரு ஹோர்னைப் பூட்டுவிக்க வேண்டியிருந்தது. மின்கார்களிலோ ஓசைகள் பலவும் மென்பொருளிலிருந்து, அதாவது காரின் கணினிக்குள் எழுதப்பட்ட கட்டளைகளிலிருந்து பிறப்பதால், ஒலியை மாற்றுவது திரையைத் தொட்டுத் தெரிவுசெய்யும் அளவுக்கு இலகுவாகிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டதன் பின்னர் இலங்கைக்குள் புதிய மின்கார்கள் வந்திறங்கிக்கொண்டிருக்கும் நிலையில், தன் காருக்கு எந்த ஒலியை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது, பக்கத்து வீட்டுக் காரின் ஒலி தொல்லையானால் யாரிடம் போகலாம் என்பவை யாழ்ப்பாணக் குடாநாட்டின் பருத்தித்துறையிலும் கேட்கப்பட வேண்டிய கேள்விகளாகியுள்ளன.

இவ்வசதியை உலகெங்கும் பேசவைத்தது டெஸ்லா நிறுவனம். 2023 டிசம்பரில் அது அனுப்பிய பண்டிகைக்கால மென்பொருளின் மூலம், வெளிப்புற ஒலிபெருக்கி பொருத்தப்பட்ட கார்களின் உரிமையாளர்கள் வழக்கமான ஹோர்ன் முழக்கத்துக்குப் பதிலாக, கத்தும் ஆடு உட்படப் பல ஆயத்த ஒலிகளில் ஒன்றைத் தெரிவுசெய்யவும், தாமே உருவாக்கிய ஒலியைச் சேர்க்கவும் முடிந்தது. சொந்த ஒலியைச் சேர்ப்பவர் அதை ‘வேவ்’ வகைக் கோப்பாக, ‘லொக்சைம்’ என்ற குறித்த பெயரில், ஒரு மெகாபைட்டுக்கு உட்பட்ட அளவில் யூ.எஸ்.பி. நினைவுக்கோலில் பதிந்து காரில் செருகுகிறார். சில விநாடிகளுக்கு மேல் நீளாத ஒலியே இதற்குப் பொருந்தும். இந்தியாவின் மகிந்திரா நிறுவனமோ தெரிவை உரிமையாளரிடம் முழுமையாக விடாமல், தன் மின்கார்களின் ஒலிகளை அமைக்கும் பணியை ஏ.ஆர். ரகுமானிடம் ஒப்படைத்தது. காரின் ஓசை இன்று இயந்திரத்தின் தற்செயலான விளைவாக இல்லாமல், இசையமைப்பாளரைக் கொண்டு ஆக்கப்படும் பொருளாகிவிட்டது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் பூட்டொலியைப் பற்றிய பேச்சில் இரண்டு வேறு ஒலிகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. முதலாவது, நிற்கும் காரிலிருந்து உரிமையாளருக்காக எழும் பூட்டொலி. இரண்டாவது, மெதுவாக ஓடும் காரிலிருந்து தெருவில் நடப்பவருக்காக எழும் அணுகல் எச்சரிக்கை ஒலி. மின்மோட்டார் ஏறத்தாழ ஓசையின்றிச் சுழல்வதால், கார் வருகிறது என்பதைப் பாதசாரிக்கு அறிவிக்கச் செயற்கையாக எழுப்பப்படும் முரல்வு இது. வேகம் கூடினால் ரயர் உராயும் சத்தமே போதும் என்பதால், இந்த எச்சரிக்கை குறைந்த வேகத்துக்கே உரியது: ஐக்கிய நாடுகள் அமைப்பின் 138ஆம் இலக்க ஒழுங்குவிதி மணிக்கு 20 கிலோமீற்றர் வரையும், அமெரிக்க விதி ஏறத்தாழ 30 கிலோமீற்றர் வரையும் அதைக் கோருகின்றன. முதல் ஒலி உரிமையாளரின் வசதி. இரண்டாவது பிறருடைய உயிர்க்காப்பு. பல கார்களில் இரண்டும் ஒரே வெளிப்புற ஒலிபெருக்கியிலிருந்து வருவதுதான் சிக்கலின் வேர்.

அந்தச் சிக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அமெரிக்காவில் நடந்தது காட்டுகிறது. டெஸ்லா 2020 டிசம்பரில் ‘பூம்பொக்ஸ்’ என்ற வசதியை அறிமுகப்படுத்தி, கார் ஓடும்போதே வெளிப்புற ஒலிபெருக்கியில் இசையையும் வேடிக்கை ஒலிகளையும் எழுப்ப இடமளித்தது. அவ்வொலிகள் பாதசாரிக்கான எச்சரிக்கையை மறைத்துவிடக்கூடும் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் சுட்டிக்காட்டியதைத் தொடர்ந்து, 2022 பெப்ரவரியில் 5 இலட்சத்து 78 ஆயிரத்துக்கும் அதிகமான கார்களுக்குத் திரும்பப்பெறல் அறிவிக்கப்பட்டு, கார் ஓட்ட நிலையில் இருக்கும்போது அவ்வசதி இயங்காதபடி மென்பொருள் திருத்தப்பட்டது. எச்சரிக்கை ஒலியையே சாரதி தன் விருப்பப்படி பலவற்றிலிருந்து தெரிவுசெய்ய அனுமதிக்கும் வரைவொன்றையும் அதே நிர்வாகம் 2022 ஜூலையில் கைவிட்டது. இம்முடிவுகளில் கடுமை மிகுதி என்று கார்ப் பிரியர்கள் சொல்லலாம். ஆனால் எச்சரிக்கை ஒலியின் அமைப்பை அறிந்தவருக்கு அவற்றின் நியாயம் விளங்கும். வேகம் ஏற ஏற அவ்வொலியின் சுருதியும் உயர வேண்டும் என்று ஐ.நா. விதி வரையறுப்பதற்குக் காரணம், காரைப் பார்க்காமலே அது கிட்டே வருகிறதா, வேகமெடுக்கிறதா, நிற்கப்போகிறதா என்பதைக் காது கணிக்க வேண்டும் என்பதே. சினிமாப் பாட்டின் சுருதி பாட்டின் போக்கில் ஏறி இறங்குமேயன்றி, காரின் வேகத்தைச் சொல்லாது.

மின்காரின் மௌனம் கற்பனையான ஆபத்தன்று. பிரித்தானியாவில் 2013 முதல் 2017 வரையான விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வொன்று, ஓடிய தூரத்தோடு ஒப்பிடும்போது மின்கார்களும் கலப்பினக் கார்களும் பாதசாரிகளை மோதும் வீதம் பெற்றோல், டீசல் கார்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எனக் கண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜூலை முதல் புதிய வகை மின்கார்களுக்கும், 2021 ஜூலை முதல் புதிதாக விற்கப்படும் எல்லா மின்கார்களுக்கும் எச்சரிக்கை ஒலியைக் கட்டாயமாக்கியது. இந்தியாவும் 2025 செப்டம்பரில் வெளியிட்ட வரைவில் 2026 ஒக்ரோபர் முதல் அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்க முன்மொழிந்தது.

பருத்தித்துறை அமைந்துள்ள வடமராட்சியின் நிலவமைப்பில் இந்த ஆபத்து மேலும் கூர்மையடைகிறது. பருத்தித்துறை நகரைச் சுற்றியுள்ள ஒழுங்கைகள் ஒரு கார் போனால் சைக்கிள் ஒதுங்க வேண்டிய அகலமே கொண்டவை. கிடுகுவேலிகள் இருந்த இடங்களில் ஆளுயர மதில்கள் எழுந்துவிட்டதால், முடக்கில் திரும்பும் வாகனத்தைக் கண் காண்பதற்கு முன் காதுதான் அறிகிறது. படலையைத் திறந்துகொண்டு நேரே ஒழுங்கைக்குள் ஓடிவரும் பிள்ளைக்கும், கோயிலுக்கு நடந்துபோகும் முதியவருக்கும், வெண்பிரம்போடு நடக்கும் பார்வையற்றவருக்கும் வாகன ஓசையே முதல் அறிவிப்பு. சுன்னாகம் வாழ்வகம் போன்ற நிறுவனங்களில் கற்றுத் தனியே நடமாடப் பழகிய பார்வையற்றவர்கள் வாழும் குடாநாட்டில், எச்சரிக்கை ஒலியை நிறுத்திவைத்த மின்கார் ஒன்று அவர்களுடைய நடமாட்ட உரிமையையே சுருக்கிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் உள்ளது, அவர்களுக்கான ஐ.நா. உடன்படிக்கையையும் இந்நாடு 2016இல் ஏற்றுறுதி செய்துள்ளது. இறக்குமதித் தடைக்கு முன்னர் ஜப்பானிலிருந்து பாவித்த கார்களாக வந்த முதல் தலைமுறை நிசான் லீஃப்களில் எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் பொத்தான் இருந்தது என்பதையும், பிந்திய ஐ.நா. விதி அத்தகைய பொத்தானைத் தடைசெய்தது என்பதையும் இங்கே நினைவில் வைப்பது நல்லது.

நிற்கும் காரின் பூட்டொலிக்குத் திரும்பினால், அதைத் தழுவக்கூடிய இலங்கை விதிகள் பல சட்டங்களில் சிதறிக்கிடக்கின்றன. பூட்டொலி ஹோர்னிலிருந்தே எழுமாயின், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2011இல் ஆக்கப்பட்ட வாகன ஹோர்ன் ஒழுங்குவிதிகள் பொருந்தும். இவற்றின்படி ஹோர்னின் ஒலி 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபலையும் 7 மீற்றர் தூரத்தில் 93 டெசிபலையும் தாண்டலாகாது. டெசிபல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு. அதில் 10 கூடினால் காதுக்குச் சத்தம் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தோன்றும் என்பதால், 93க்கும் 105க்கும் இடையிலுள்ள வேறுபாடு எண்ணிக்கையில் தெரிவதைவிடப் பெரிது. அதே சட்டத்தின் கீழான 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் தொழிலகம் முதலிய நிலையான இடங்களிலிருந்து எழும் ஒலியைப் பற்றியவை; எனினும் ஊரொன்றில் எவ்வளவு சத்தத்தைச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது என்பதற்கு அவை அளவுகோல் தருகின்றன. நகரசபைப் பகுதிகளுக்குப் பகலில் 63 டெசிபலும் இரவில் 50 டெசிபலும் எல்லை. பருத்தித்துறை நகரசபைக்கு உட்பட்ட இடங்கள் இந்த வகையில் அடங்கும். வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் ஆகியவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரை அமைதி வலயம். மந்திகையிலுள்ள ஆதார வைத்தியசாலையின் வாசலிலோ ஹாட்லிக் கல்லூரியின் மதிலோரத்திலோ காரை நிறுத்திவிட்டு உரத்த வசனமொன்றால் பூட்டுபவர், விதியின் எழுத்தில் அகப்படாவிட்டாலும் அதன் நோக்கத்துக்கு எதிராகவே நடக்கிறார்.

வெளியில் ஒலிபெருக்கி பூட்டி இசைப்பது வேறொரு சட்டத்தின் கீழும் வருகிறது. பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு ஒலிபெருக்கிப் பாவனையை அனுமதிப்பத்திரத்துக்கு உட்படுத்துகிறது. காலையில் பெத்தோவனின் பியானோ மெட்டை ஒலித்தபடி ஒழுங்கைக்குள் நுழையும் பாண் ஓட்டோவைப் பலர் விரும்பியே காத்திருப்பர் என்பது உண்மை. அதனால் சட்டத்தின் பார்வை மாறிவிடாது. வெலிகமப் பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாகத் தொடரப்பட்ட வழக்கில், 2007இல் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம், கேட்க விரும்பாதவரைக் கேட்கக் கட்டாயப்படுத்தும் ஒலி பொதுத்தொல்லையாகும் என்ற நிலைப்பாட்டை எடுத்து, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கி அனுமதி வழங்கக்கூடாது எனப் பணித்தது. அந்தத் தீர்ப்பு எந்த மதத்துக்கும் எதிரானதன்று. எல்லோருடைய காதுகளுக்கும் சட்டத்தின் பாதுகாப்பு சமம் என்ற அடிப்படையில் அமைந்தது. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டத்தின் தொடக்கத்தோடு மேலதிக ஹோர்ன்களையும் விளக்குகளையும் அகற்றுவிக்கப் பொலிஸார் இறங்கியபோது, பஸ், ஓட்டோச் சாரதிகளின் எதிர்ப்பும் எழுந்தது. புதிய மின்கார் என்பதற்காக அத்தகைய சோதனையிலிருந்து எவரும் விலக்குப் பெறுவதில்லை.

பூட்டொலிக்கு எந்த ஓசையைத் தெரிவது என்பதில் சட்டம் சொல்லாத எல்லையொன்றும் உண்டு. சைரன், துப்பாக்கி வேட்டு, குண்டு விழும் ஓசை போன்றவை இணையத்தில் வேடிக்கை ஒலிகளாகப் பரிமாறப்படுகின்றன. போர்க்காலத்தில் விமானத்தின் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய தலைமுறை இன்னமும் வாழும் ஊரில், நள்ளிரவில் வீடு திரும்புபவர் தம் காரை வேட்டொலியால் பூட்டுவது வேடிக்கையாகாது. சைரன் ஒலிக்கு வேறொரு கேடும் உண்டு: அம்புலன்சுக்கு வழிவிடப் பழகிய காது, பொய்ச் சைரன்களைக் கேட்டுக்கேட்டு மெய்ச் சைரனையும் அலட்சியம் செய்யத் தொடங்கும்.

உரிமையாளருக்கே நேரும் கேடுகளும் சில உள்ளன. பூட்டொலி முதலில் ஒரு பாதுகாப்புச் சாதனம். சாவியின் வானொலி அலையைத் தடைசெய்யும் கருவியைக் கையில் வைத்திருக்கும் திருடர் அருகில் நின்றால், பொத்தானை அழுத்தியும் கார் பூட்டாது, ஒலியும் எழாது, அந்த மௌனமே உரிமையாளருக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. சந்தை இரைச்சலில் கரைந்துவிடும் மெல்லிய இசையையோ, தெருவில் வேறெங்கும் கேட்கும் பாட்டையோ பூட்டொலியாக வைத்தவர் அந்த எச்சரிக்கையை இழக்கிறார். தயாரிப்பாளர் தந்த தெரிவுகளுக்கு வெளியே சென்று, கராஜில் தனி ஒலிபெருக்கி பூட்டுவிப்பவர் உத்தரவாதத்தை இழக்க நேரிடலாம். செம்மஞ்சள் உறையிட்ட உயர் மின்னழுத்த வயர்களுக்கு அருகில் துளையிடுவது உயிராபத்தானது. உப்புக்காற்று அடிக்கும் கடலோரத்தில் நீர்க்காப்பில்லாத இணைப்புகள் விரைவில் துருப்பிடித்து, ஒலி மட்டுமன்றிப் பூட்டுமே பழுதாகலாம்.

தொல்லைக்கு ஆளாகும் அயலவர் முதலில் நேரே பேசிப் பார்ப்பதும், பேச்சு முறிந்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபையை நாடுவதும் செலவு குறைந்த வழிகள். அடுத்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் ஒலித்தது என்ற குறிப்போடும் கைத்தொலைபேசிப் பதிவோடும் பொலிஸ் நிலையத்தில் முறையிட்டு, முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கைத்தொலைபேசிச் செயலி காட்டும் டெசிபல் அளவு சான்றாகாது, தொல்லை எப்போது நேர்கிறது என்பதைக் காட்டவே அது உதவும். பலரைப் பாதிக்கும் தொடர்ச்சியான தொல்லையெனில், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் அதை நீக்குமாறு கட்டளையிட நீதவானுக்கு அதிகாரம் உண்டு. பருத்தித்துறை நீதவான் நீதிமன்றத்திலேயே அதைக் கோரலாம்.

கார் வாங்குபவரின் உரிமை வேறு வகையானது. எச்சரிக்கை ஒலி வேலை செய்கிறதா, பூட்டொலியை மாற்றும் வசதி தயாரிப்பாளருடையதா இடையில் எவராவது பூட்டியதா என்பதை விற்பவர் மறைத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். அதற்கு முன், கைமாறும் காரைச் சோதிக்க மிக எளிய முறையொன்று போதும்: சந்தடியற்ற ஒழுங்கையில் ஒருவர் முதுகைக் காட்டி நிற்க, மற்றவர் காரை மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் தொலைவிலிருந்து மெல்ல ஓட்டிவந்து, நிற்பவர் அது வருவதை உணர்ந்து கையை உயர்த்தியதும் பாதுகாப்பான தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும்; பத்துப் பன்னிரண்டு மீற்றர் கிட்ட வந்தும் கை உயராவிட்டால், எச்சரிக்கை ஒலி பழுது என்றோ நிறுத்திவைக்கப்பட்டது என்றோ ஐயுற்று, விலை பேசுவதற்கு முன் அதைச் சீர்செய்து தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.