ஹங்கேரிய மொழியில் விருப்பம் நிற்கும் இடம்

‘போய்விடு’ என்று கட்டளையிட ஹங்கேரியர் சொல்வது ‘மெஞ் எல்’. ‘நீ போய்விட வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதற்கோ ‘அஸ்ட் அக்கரோம், ஹொஜ் எல்மெஞ்’. ‘மெஞ்’ என்ற வினை இரண்டிலும் ஒன்றே என்பதால் பள்ளி இலக்கணம் இரண்டையும் ஏவல் என்றே சேர்த்துவிடுகிறது. வடிவம் ஒன்றாயிருக்கப் பிரிப்பானேன் என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ‘எல்’ என்ற அந்தச் சின்னஞ்சிறு முன்னொட்டைக் கவனியுங்கள். கட்டளையில் அது வினைக்குப் பின்னே நிற்கிறது. விருப்பத்தில் முன்னே வந்து ஒட்டிக்கொள்கிறது. துணைவாக்கியம் என்பதால்தான் இந்த இடமாற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. ‘போய்விடு என்று சொன்னான்’ எனக் கட்டளையை எடுத்துச் சொல்லும்போது, ‘என்று’ எனப் பொருள்படும் ‘ஹொஜ்’ வந்த பிறகும் ‘மெஞ் எல்’ என்றே சொல்லலாம். ஆகவே இடத்தை மாற்றுவது விருப்பம்தான்; காதில் விழும் இந்த வேறுபாட்டுக்குத் தனிப்பெயர் தருவதே முறை. விரும்புபவரே போகிறவர் என்றால் எச்சமே போதும்: ‘மென்னி அக்கரோக்’, போக விரும்புகிறேன்.