முத்து யாருக்கு மக்கா?

“ஏலே, முத்தை நான்தானே எடுத்தேன்? உன் ஸ்க்ரீன்ல மட்டும் எப்படிடா நீ எடுத்த?”

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மல்டிபிளேயர் கேம் செய்யக் கிளம்பும் எந்த கேங்கும் இந்தச் சண்டைக்குத் தப்ப முடியாது. லேபில் பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டரில் சூப்பராக ஓடிய கேம், நண்பன் வீட்டு நெட்டில் நொண்டியடிக்கும். கிராஃபிக்ஸில் கோளாறு தேடித் தூக்கத்தைத் தொலைக்காதீங்க. நீங்க பாக்கெட் அனுப்பும் முறையைக் கொஞ்சம் பாருங்க.

இதைப் படிக்க தூத்துக்குடியை விட நல்ல கிளாஸ் ரூம் கிடைக்காது. நம்ம கேம் இதுதான்: மன்னார் வளைகுடாவில் நாலு பேர் முத்துக்குளிக்கிறார்கள். அதிக முத்து எடுப்பவர் வின்னர். நிஜ முத்துக்குளிப்பு இந்தக் கடலில் 1961-உடன் நின்றுபோனது. கேமில் தாராளமா மூழ்கலாம்!

கொழும்பு எவ்வளவு தூரம்?

1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டது. நூறு வருஷம் கழித்து 2006-ல் அதே கடலுக்கு அடியில் கேபிள் வந்தது. பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து, தூத்துக்குடியிலிருந்து கொழும்பை ஒட்டிய மவுண்ட் லவினியா வரை சுமார் 320 கி.மீ.க்குப் போட்ட பாரத்-லங்கா கேபிள் அது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. ஓடும். கணக்குப் போடுங்க: போய்த் திரும்ப 3.2 மில்லி செகண்ட்தான்.

ஆனால் உங்க பாக்கெட் நேர்வழியில் போகும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. சென்னை, மும்பை, சிங்கப்பூர் என்று ஊர் சுற்றியும் போகலாம். ரவுட்டரில் க்யூவில் நிற்கலாம். நடுவழியில் தொலைந்தும் போகலாம்.

கேட்டில் நின்ற லாரி

துறைமுக கேட்டில் ஒரு லாரி மக்கர் பண்ணினால், பின்னால் வரும் அத்தனை லாரியும் நிற்கும். டி.சி.பி. அப்படித்தான். ஒரு பாக்கெட் தொலைந்தால் அதைத் திரும்ப வரவழைத்து, வரிசை மாறாமல்தான் அடுத்ததைக் கொடுக்கும். மெயிலுக்கு நல்லது. கேமுக்கு? அரை நொடிக்கு முன்னால் நீங்க இருந்த இடம் இப்போ யாருக்கு வேணும்?

அதனால்தான் வேகமான கேம்கள் யு.டி.பி.யைப் பிடிக்கின்றன. தொலைந்தது தொலைந்ததுதான், அடுத்த பாக்கெட்டில் புது இடம் வந்துவிடும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் போடுங்க. 41-க்குப் பிறகு 40 வந்து நின்றால், தூக்கிப் போடுங்க.

ஆனால் ‘முத்து எடுத்தாச்சு’ என்ற செய்தி தொலையவே கூடாது. முத்துக்குளிப்பவர் கடலுக்கடியில் கயிற்றை ஆட்டுவார். படகில் இருப்பவர் இழுப்பார். ஆட்டியது தெரியவில்லை என்றால் மறுபடியும் ஆட்டணும். இங்கேயும் ‘கிடைச்சுது’ என்ற பதில் வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புங்க. ஒரே செய்தி ரெண்டு தடவை வந்தால், எண்ணைப் பார்த்து ஒரு முறை மட்டும் கணக்கில் எடுங்க. இல்லைன்னா ஒரு முத்துக்கு ரெண்டு மார்க்!

ஒரு மக்ரூனுக்கு ஒரு பெட்டியா?

ஒரு வீரர் எங்கே இருக்கிறார் என்று சொல்ல 8 பைட் போதும். அதன் மேல் ஐ.பி. தலைப்பு 20, யு.டி.பி. தலைப்பு 8. சரக்கு 8, பெட்டி 28! நாலு பேர் விவரத்தைத் தனித்தனியாக நொடிக்கு 20 தடவை அனுப்பினால் 2,880 பைட். ஒரே பெட்டியில் கட்டினால் 1,200 பைட். ரொம்பவும் அடைக்காதீங்க. பாக்கெட் 1,200 பைட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால், வழியில் உடைபடும் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

தீர்ப்பு யார் கையில்?

‘நான் முத்தை எடுத்தேன்’ என்று வீரரின் கம்ப்யூட்டர் சொல்வதை நம்பினால், நாளைக்கே ஒருத்தன் ஹேக் பண்ணி எல்லா முத்தையும் அள்ளிடுவான். ‘கையை நீட்டினேன்’ என்று மட்டும் அவன் சொல்லட்டும். யாருக்கு முத்து என்று சர்வர் சொல்லட்டும்.

அப்போ ஒவ்வொரு அசைவுக்கும் சர்வர் பதிலுக்குக் காத்திருக்கணுமா? வேண்டாம். உங்க வீரரை உடனே நகர்த்திக் காட்டுங்க. சர்வர் பதில் மாறி வந்தால் திருத்துங்க. 1996 டிசம்பரில் வந்த ‘குவேக் வேர்ல்டு’, மோடம் காலத்து இன்டர்நெட்டில் ஆட வைத்தது இந்த வித்தையால்தான். மற்றவர்களை மட்டும் 100 மில்லி செகண்ட் தாமதமாகக் காட்டுங்க. கைவசம் இருக்கும் ரெண்டு நிலைகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போவார்கள்; துள்ள மாட்டார்கள்.

இன்னொன்று: ஆள் சும்மா நின்றாலும் சில நொடிக்கு ஒருமுறை ‘இருக்கேன்’ என்று ஒரு குட்டி பாக்கெட் போகட்டும். 10 நொடி சத்தமே இல்லையா? ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுங்க. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ஐ.பி. முகவரி மாறிவிடும். அதனால் ஆளை முகவரியை வைத்து அடையாளம் காணாமல், ஆளுக்கொரு ரகசிய டோக்கன் கொடுங்க.

வைவாவுக்கு முன்னால் ஒரு வேலை. லினக்ஸில் ‘நெட்எம்’ என்ற வசதி இருக்கிறது. வேண்டுமென்றே 150 மில்லி செகண்ட் தாமதமும் 5 சதவீத இழப்பும் வைத்து, நாலு பேராக ஒரு மணி நேரம் ஆடுங்க. அப்பவும் முத்துக்குச் சண்டை வரவில்லையா? தைரியமாக டெமோ காட்டுங்க மக்கா!